காவிரிக்கரைக்காரர் குளம் வாங்கினால்

பீனிக்ஸிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு கடிதம்

வீட்டு நீச்சல் குளம் என்பது ஓடாத தண்ணீர். பார்த்தவுடனே தெரிகிற விஷயம்தான். ஆனால் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவருக்கு அது புரிய ஒரு கோடைக்காலம் முழுக்கத் தேவைப்படுகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம் என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே வளர்ந்தவர் தண்ணீரைப் பராமரித்துப் பழகியவரில்லை. அவர் ஊரில் தண்ணீர் வரும், போகும். வராத வருஷம் மணலில் கிரிக்கெட் ஆடலாம். அம்மாமண்டபம் படித்துறையில் ஆயிரம் பேர் முழுக்குப் போட்டு எழுந்தாலும் அடுத்த நிமிஷம் அங்கே இருப்பது வேறு தண்ணீர். அழுக்கைக் கல்லணைப் பக்கம் தள்ளிவிட்டு ஆறு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரங்கநாதருக்கே அன்றாடம் புதுத் தண்ணீர்தான்: ஆண்டு முழுக்கக் கொள்ளிடத்திலிருந்து, ஐப்பசியில் மட்டும் காவிரியிலிருந்து யானை மேல் தங்கக் குடத்தில். நேற்றைய தண்ணீரை இன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்வி அந்த ஊரில் எழுந்ததே இல்லை. நீச்சல் குளத்தில் எழுகிற கேள்வி அது ஒன்றுதான்.

அரிசோனாவில் பீனிக்ஸைச் சுற்றியுள்ள சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு பார்க்கிறவர் குளத்தைத் தேடிப் போவதில்லை. வீட்டோடு ஒட்டிக்கொண்டு அதுவே வந்துவிடுகிறது. செய்தி திருச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் அத்தை கேட்பார்: "ஏன்டா, ஊருக்குக் குளம் வெட்டுனவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். கொல்லையில வெட்டிக்கிட்டவனை இப்பத்தான் பார்க்கறேன்." பெரியப்பாவின் கேள்வி இன்னும் நேரானது: "தண்ணி எங்கேருந்து வருது?"

வருவது பெரும்பாலும் அணைத் தண்ணீர், கால்வாய்த் தண்ணீர். பீனிக்ஸுக்கும் ஒரு ஆறு உண்டு. பெயர் சால்ட், அதாவது உப்பாறு. மேலே 1911இல் ரூஸ்வெல்ட் அணை கட்டி முடித்தார்கள். அதுவும் மற்ற அணைகளும் கால்வாய்களும் தண்ணீரை வாங்கிக்கொள்வதால் ஊருக்குள் ஆறு வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து அது திறக்கும் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்து போனவருக்கு இது ஒன்றும் புதிதல்ல. பக்கத்து ஊரான டெம்பியில் அந்த வறண்ட ஆற்றிலேயே காற்றடைத்த ரப்பர் தடுப்புகளை வைத்து 1999இல் ஓர் ஏரியை உண்டாக்கினார்கள். 2010 ஜூலை 20 இரவு ஒரு தடுப்பு வெடித்து ஏரி ஓடிப்போயிற்று. ஊர்ப் பக்கமும் 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆகவே ஊர் மாறிவிட்டோம் என்ற ஏக்கம் அதிகம் வருவதில்லை.

சாதாரண வீட்டுக் குளம் ஒன்று 9 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் அதில் ஏறத்தாழ 60,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். குளத்துக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே எண் இது. மருந்தின் அளவு எல்லாமே இதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. பி.பி.எம். என்று கடைக்காரர் பயமுறுத்துவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதைத்தான். 60,000 லிட்டருக்கு 1 பி.பி.எம். என்றால் 60 கிராம். ஒரு கைப்பிடி அரிசி அளவு. திருச்சியில் பொங்கலுக்கு வெல்லம் போடுவதுபோல 'கண்ணளவாக' ஒரு பக்கெட் கொட்டுகிறவர் எத்தனை மடங்கு தாண்டுகிறார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

முதல் அதிர்ச்சி மருந்தில் இல்லை, வெயிலில். திருச்சியின் அக்னி நட்சத்திரத்தை அனுபவித்தவர் பீனிக்ஸ் வெயிலை லேசாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆனால் 2023 ஜூன் கடைசியில் தொடங்கி 31 நாள் தொடர்ந்து வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். அப்படிப்பட்ட நாட்களில் குளத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும். கேட்க அற்பமாக இருக்கும். கணக்குப் போட்டால் 240 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் 16 குடம். குடத்துக்காகக் குழாயடியில் வரிசை நின்ற ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. தண்ணீர் ஒழுகுகிறதா, ஆவியாகிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, உள்ளும் புறமும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, மறுநாள் பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் வெயில். குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கொத்தனார்.

ஓடாத தண்ணீரை ஓடவைக்கும் வேலை மோட்டாருடையது. மேற்பரப்பில் மிதப்பதை ஓரத்தில் உள்ள ஒரு வாய் உறிஞ்சும். அதன் உள்ளே ஒரு கூடை. சித்திரையில் சரக்கொன்றை உதிர்வதுபோல இங்கே பாலோ வெர்டே என்ற மரம் மஞ்சளாக உதிர்த்துத் தள்ளும். காகிதப்பூ ஆண்டு முழுக்க உதிரும். கூடையைத் தினமும் காலி செய்ய வேண்டும். உள்ளே கைவிடுவதற்கு முன் எட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் தேள் உண்டு.

அங்கிருந்து தண்ணீர் பில்டருக்குப் போகிறது. மணல் பில்டர், துணி மடிப்பு பில்டர், நுண்ணுயிர்களின் ஓட்டுப் பொடி பூசிய பில்டர் என்று மூன்று வகை. மணல் பில்டரைப் பார்த்துத் திருச்சிக்காரர் வியக்க ஒன்றுமில்லை. மாநகராட்சி கம்பரசம்பேட்டையில் காவிரிப் படுகைக்குள் கிணறு இறக்கித் தண்ணீர் எடுப்பது இதே தத்துவத்தில்தான்: ஆற்று மணல் வடிகட்டித் தருகிறது, மேலே குளோரின் சேர்த்துக் குழாயில் விடுகிறார்கள். வித்தியாசம், ஆற்று மணலை ஆறே அலசிக்கொள்ளும். பில்டர் மணலை வீட்டுக்காரர் அலச வேண்டும். பில்டரின் தலையில் உள்ள மானியில் அழுத்தம் வழக்கத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தி அழுக்கை வெளியே தள்ள வேண்டும். முந்தியே தள்ளுவதும் தவறு. லேசாக அழுக்குப் படிந்த மணல்தான் நன்றாக வடிகட்டும். டிகாக்ஷன் பில்டரில் தூள் கொஞ்சம் இறுகினால்தான் கெட்டியாக இறங்குகிறது என்பதை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதில் குடும்பச் சண்டைகள் நடக்கின்றன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மோட்டாராக இருந்தால் வழி எளிது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். நேரம் இரண்டு மடங்கு ஓட்டினாலும் செலவு நாலில் ஒன்றுதான். மெதுவாக, நீண்ட நேரம். ரங்கநாதரின் உற்சவர் நம்பெருமாள் புறப்பாட்டில் வரும் ரிஷபகதி, அதாவது காளை நடை, என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புறப்பாட்டில் வேறு நடைகளும் உண்டு என்பது இங்கே பொருந்தாது.

இனி மருந்து. மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் அரண்டுபோகாதவர் இல்லை. சுவர் முழுக்க வாளிகள், ஒவ்வொன்றிலும் சிரிக்கும் குழந்தை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரப் பெயர். முதல் தடவை போகிறவர் இரண்டு வண்டி நிறையத் தள்ளிக்கொண்டு வருவார். வாளியின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மயக்கம் தெளியும். 'காரத்தன்மை கூட்டி' என்று விற்பது ஆப்ப சோடா. 'பி.எச். கூட்டி' என்பது சலவை சோடா. 'தெளிய வைப்பான்' என்ற பெயரில் உள்ளவற்றில் ஒரு வகை படிகாரம். 'ஷாக்' என்று மின்னல் படம் போட்டு விற்பது பெரும்பாலும் பிளீச்சிங் பவுடரின் அண்ணன்: வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றில் போடும் பவுடரில் குளோரின் சக்தி மூன்றில் ஒரு பங்கு, இதில் மூன்றில் இரண்டு பங்கு. திருச்சிப் பெரிய கடைவீதியில் ஒரே மளிகைக் கடையில் கிடைக்கும் சாமான்கள். இதை அறிந்த அன்றே குளத்துக்காரரின் செலவு பாதியாகும்.

படிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லலாம். ஆடியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது பானைத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றிவிடுவதும், அதற்கும் முந்தைய தலைமுறை தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துவைப்பதும் காவிரிக்கரை வழக்கம். கலங்கலில் மிதக்கும் மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அடியில் படியாமல் அலைகின்றன. படிகாரம் அந்தத் தள்ளுதலை முறித்து, அவற்றைக் கட்டிகட்டியாகச் சேர்த்து இறக்கிவிடுகிறது. குளத்திலும் நடப்பது இதேதான். பீனிக்ஸின் ஆடிக்காற்று அம்மியைப் பறக்கவைக்காவிட்டாலும் பாலைவனத்தையே தூக்கிக்கொண்டு வரும். 2011 ஜூலை 5 அன்று வந்த புழுதிச் சுவர் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இருந்தது. மறுநாள் குளங்களெல்லாம் டீ நிறம். அந்த மாதிரி நேரத்தில் படிகாரம் உதவும். ஆனால் அடியில் படிந்த சேற்றை உறிஞ்சி வெளியே விட வேண்டும், பில்டர் வழியாக அனுப்பினால் அடைத்துக்கொள்ளும்.

குளோரினுக்கு இரண்டு வேலை: கிருமியைக் கொல்வது, பாசியைத் தலையெடுக்க விடாமல் வைப்பது. அதற்கு எதிரிகள் இரண்டு: வெயில், மனிதர். வெயிலில் பாதுகாப்பில்லாமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் காணாமல் போய்விடும். ஆகவே மருந்து ஊற்றும் நேரம் பொழுது சாய்ந்த பின். 10 சதவீதத் திரவக் குளோரின் என்றால் 60,000 லிட்டர் குளத்தில் 1 பி.பி.எம். ஏற்ற 600 மில்லி போதும். காலை எட்டு மணிக்கு உற்சாகமாக ஊற்றுகிறவர் சூரியனுக்கு அர்க்கியம் விடுகிறார்.

வெயிலுக்குக் குடை பிடிப்பது சயனூரிக் அமிலம். கடையில் ஸ்டெபிலைசர் அல்லது கண்டிஷனர் என்பார்கள். அது குளோரினைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வெயிலிடமிருந்து காக்கிறது. 30 முதல் 50 பி.பி.எம். இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் வினை. பாங்கில் நிரந்தர வைப்பில் போட்ட பணம்போல, குளோரின் பத்திரமாக இருக்கும், செலவழிக்கத்தான் வராது. சோதித்துப் பார்த்தால் கணக்கில் நிறையக் காட்டும். குளத்தில் பாசி வளர்ந்துகொண்டிருக்கும்.

புதியவர்கள் விழும் பள்ளம் இங்கேதான் இருக்கிறது. குளோரின் போடுவதற்குச் சுலபமான வழி வெள்ளை வில்லை. அடை தட்டுவதற்கு எடுத்த மாவு உருண்டை அளவு, கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மிதக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் கரையும். ஆனால் அந்த வில்லை பாதிக்கு மேல் சயனூரிக் அமிலம். நமது 60,000 லிட்டர் குளத்தில் ஒரு வில்லை கரைந்தால் குளோரின் 3.4 பி.பி.எம். சேரும், கூடவே சயனூரிக் 2 பி.பி.எம். சேரும். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அப்படியே கிடக்கும். அது ஆவியாகாது, பில்டரில் சிக்காது. வாரம் மூன்று வில்லை என்று ஆறு மாதம் போட்டால் 150ஐத் தாண்டும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: பாதிக் குளத்தை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் விடுவது. வில்லை வெளியூர் போகும் வாரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

சயனூரிக் அளக்கும் விதம் வேடிக்கையானது. குளத்துத் தண்ணீரையும் மருந்தையும் சரிபாதி கலந்து குலுக்கினால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுக்கும். அடியில் கரும்புள்ளி வைத்த ஒல்லியான குழாய் ஒன்று உண்டு. குழாயை இடுப்பளவில் பிடித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் உள்ள கோடுதான் அளவு. முறைத்துப் பார்த்தால் மறைந்த புள்ளியும் தெரிவதாகத் தோன்றும். மூன்றாம் பிறை பார்ப்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான். கணவனுக்கு 40இல் மறைகிற புள்ளி மனைவிக்கு 60இல் மறையும். இதற்குத் தீர்வு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

குளோரின் சோதனை அதைவிட நாணயமானது. 10 மில்லி தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பொடி போட்டால் ரோஸ் மில்க் நிறம் வரும். சொட்டு மருந்தை ஒவ்வொன்றாக விட்டுச் சுழற்றினால் ஒரு சொட்டில் நிறம் பளிச்சென்று போய்த் தண்ணீராகும். சொட்டுக்கு அரை பி.பி.எம். எட்டுச் சொட்டு என்றால் 4. காகிதப் பட்டை நனைத்து நிறம் ஒப்பிடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் வீட்டுக் குளத்துக்குச் சொல்லும் குறைந்த அளவு 1 பி.பி.எம்.; சயனூரிக் கலந்த குளத்துக்கு 2. சயனூரிக் ஏற ஏற இதையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பி.எச். என்பதை ஸ்ரீரங்கத்துக்காரருக்கு விளக்க ஆய்வகம் வேண்டாம், ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதுதான் பி.எச். சோதனை. காரம் ஏறினால் மஞ்சள் சிவப்பாகும். கடைச் சோதனைப் பெட்டியில் வரும் சொட்டு மருந்தும் அப்படியே நடந்துகொள்கிறது: தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்தால் மஞ்சள், காரப் பக்கம் சாய்ந்தால் சிவப்பு. 7.2க்கும் 7.8க்கும் நடுவே ஆரஞ்சாக நின்றால் குளம் சௌக்கியம். 7.5இல் குளோரினின் பாதி வேலை செய்யும் வடிவில் இருக்கும். 8க்கு ஏறினால் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. கண் எரிவதும் தோல் வறள்வதும் பல சமயம் இதனால்தான்.

பி.எச். பெரும்பாலும் ஏறத்தான் பார்க்கும். தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயு சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வெளியேறிக்கொண்டே இருப்பது காரணம். அழகுக்கு வைத்த சிறு நீர்வீழ்ச்சி அதை இன்னும் விரைவுபடுத்தும். இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊரில் கழிவறை கழுவ வரும் அதே ஆசிட், கொஞ்சம் வீரியமாக. காரத்தன்மை 80 உள்ள நமது குளத்தில் 7.8ஐ 7.5க்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை லிட்டர் போதும். காரத்தன்மை என்பது பி.எச். கண்டபடி துள்ளாமல் பிடித்து உட்காரவைக்கும் பெரியமனுஷன். 80 முதல் 120 பி.பி.எம். வரை இருந்தால் சரி. குறைந்தால் ஒரு கிலோ ஆப்ப சோடா 10 பி.பி.எம். ஏற்றும்.

விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டிய இடம் இது. ஆசிடும் குளோரினும் ஒரு பாத்திரத்திலோ ஒரு அலமாரியிலோ சேரக் கூடாது. சேர்ந்தால் வெளிவருவது நச்சு வாயு. வெள்ளை வில்லையையும் பிளீச்சிங் வகைப் பவுடரையும் ஒரே டப்பாவில் போட்டால் தீப்பற்றும், வெடிக்கும். இரண்டும் குளோரின்தானே என்ற நினைப்பில்தான் விபத்து நடக்கிறது. மருந்தைத் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை மருந்தில் விடக் கூடாது. ஒன்றைப் போட்டபின் மோட்டார் ஓடத் தண்ணீர் சுழன்று கலந்த பிறகே அடுத்தது.

கடினத்தன்மையைப் பற்றி ஊரில் பாட்டிகளுக்கே தெரியும். காவிரித் தண்ணீரில் சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும். போர் தண்ணீரில் இரண்டும் நடக்காது. பீனிக்ஸ் குழாய்த் தண்ணீர் இரண்டாவது ரகம். தினமும் 16 குடம் ஆவியாகும்போது போவது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடுகிறது. நிரப்பும் 16 குடமும் புதுச் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. ரசத்தைச் சுண்டவைத்து, அதில் மறுபடி ரசத்தையே ஊற்றிச் சுண்டவைத்தால் என்ன ஆகுமோ அதுதான். தண்ணீர் விளிம்பில் ஓட்டின் மேல் வெள்ளைக் கோடு படியும். போர் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டில் படிவது மாதிரியேதான். கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். வரை பொறுக்கலாம். எல்லை தாண்டினால் இதற்கும் பாதிக் குளத்தை மாற்றுவதே வழி. இறைக்கும் தண்ணீரை இங்கே தெருவில் விடக் கூடாது. சொந்தத் தோட்டத்துக்கோ சாக்கடைக் குழாய்க்கோதான் விட வேண்டும். கொளுத்தும் வெயிலில் மொத்தமாகக் காலி செய்தால் சிமெண்டுப் பூச்சு வெடிக்கும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: காலியான தொட்டியைக் கீழிருக்கும் நீர் அப்படியே தூக்கிவிடும். கொள்ளிடக்கரையில் குளம் கட்டி ஆடி, ஆவணியில் காலி செய்கிறவர் மாசி வரை காத்திருக்காமலே தெப்பம் பார்க்கலாம்.

குளம் பச்சையாவது எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். பள்ளி விடுமுறைக்குக் குடும்பம் திருச்சி போயிருக்கும். இங்கே ஒரு இடி மழையில் மின் இணைப்பு விழுந்து மோட்டார் நின்றுவிடும். 33 டிகிரி தண்ணீர், நல்ல வெயில், குளோரின் இல்லை. ஐந்து நாளில் தெப்பக்குளம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் குழந்தைகள் "ஊர்க் குளம் மாதிரியே இருக்கே" என்று குதிக்கும். கடைக்காரர் நாலு வாளி எடுத்துவைப்பார். தேவைப்படுவது நாலு வாளியல்ல, திரவக் குளோரினும் பொறுமையும். முதலில் பி.எச்.ஐ 7.2 அளவுக்கு இறக்கி, சயனூரிக் 40 இருந்தால் குளோரினை 16க்கு ஏற்ற வேண்டும். ஏறக்குறைய 10 லிட்டர். பாசி அதைத் தின்றுதீர்க்கும். மறுபடி அளந்து மறுபடி 16க்கு ஏற்ற வேண்டும், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. சுவர், படி, ஏணியின் பின்பக்கம் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பச்சை முதலில் சாம்பல் ஆகும், பிறகு மோர் ஆகும், பிறகு ஒரு காலையில் அடியில் கிடக்கும் குழந்தையின் ரப்பர் பேண்ட் தெரியும். ராத்திரி அளந்த குளோரின் விடியற்காலையில் 1 பி.பி.எம்.முக்கு மேல் குறையாமல் இருந்தால் பாசி செத்தது நிச்சயம். வெயில் இல்லாத இரவில் குளோரினைச் செலவழிக்க வேறு ஆள் கிடையாது.

'மருந்து வாசனை தூக்கலா இருக்கு, சுத்தமா வச்சிருக்காங்க' என்பது ஊரிலிருந்து வருகிறவர்களின் பாராட்டு. உண்மை நேர்மாறு. சுத்தமான குளத்தில் வாசனை அநேகமாக இருக்காது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த நெடி. நெடி வந்தால் குளோரின் அதிகம் என்று பொருளல்ல, போதவில்லை என்று பொருள். உப்புத் தண்ணீர்க் குளத்துக்குக் குளோரின் வேண்டாம் என்பதும் இதே ரகம். அந்த இயந்திரம் உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது.

ஐந்து அடி உயரத்துக்குக் குறையாத வேலியும், தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வசிக்கும் வீடுகளுக்கு அரிசோனா சட்டத்திலேயே உண்டு. சட்டம் சொல்லாவிட்டாலும் வைக்க வேண்டியதுதான். ஆற்றில் இறங்கும்போது கூட யாராவது பெரியவர் நிற்பார். கொல்லைப்புறக் குளத்தில் அந்தப் பெரியவர் அடுப்படியில் இருப்பார்.

ஆடிப் பதினெட்டு பீனிக்ஸில் பெரும்பாலும் வேலை நாளாகத்தான் வாய்க்கும். அம்மாமண்டபத்துக்கு நம்பெருமாள் எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுப்பதை அந்த மாதம் தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு, குளத்தங்கரையில் கோலம் போட்டு, காப்பரிசி, காதோலை கருகமணி வைத்து, மாலையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். விளக்கை மிதக்கவிட்டால் அது நேராக உறிஞ்சும் வாய்க்குள் போகும். மோட்டாரை நிறுத்திவைக்க வேண்டும். பூவைத் தூவலாம், கூடை இருக்கிறது. மஞ்சளைக் கரைக்கக் கூடாது. காவிரிக்குச் சீராகப் பட்டுப்புடவை போகிறது; இந்தக் குளத்துக்கு ஒரு கிலோ ஆப்ப சோடா.

கடைசியாக எண்ணெய். தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஆற்றில் விழுந்த பழக்கத்தில் குளத்தில் விழுந்த விருந்தாளி ஒருவரால் ஏற்பட்ட சேதத்தின் விவரம்: தண்ணீர் மேல் வானவில் படலம், ஓட்டில் விரலகலத்துக்குப் பிசுக்குக் கோடு, அன்று மாலை 5 பி.பி.எம். இருந்த குளோரின் மறுநாள் காலை 1. பில்டரின் மடிப்புத் துணியைக் கழற்றி இரவு முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் எண்ணெய் வாசனை போகவில்லை. சீயக்காயை நல்லவேளையாகக் குளியலறையிலேயே மறந்துவிட்டிருந்தார். ஆகவே ஸ்ரீரங்கத்திலிருந்து வர விசா எடுத்திருக்கும் சொந்தங்கள் அனைவரும் எண்ணெய்க் குளியலை உள்ளே குழாயடியில் முடித்துவிட்டு, நன்றாகத் துவட்டிக்கொண்டு குளத்துக்கு வரவும். வரும்போது மறக்காமல் ஒரு கைப்பிடி தேத்தாங்கொட்டை.